வீட்டுத் தோட்டத்தில் வரி நாணல்! கோடு அழிந்தால் ஆபத்து!

தோட்டத்தில் பூச்செடி வைப்பார்கள். கறிவேப்பிலை வைப்பார்கள். புல்லை யாராவது வைப்பார்களா? களைக்கொட்டை எடுத்துக் கொத்தி எறிவதுதானே வழக்கம்!

ஆனால், காசு கொடுத்து வாங்கி, தண்ணீர் ஊற்றி, நின்று அழகு பார்க்கிற புல்லும் இருக்கிறது. அதன் இலை இரண்டு விரல் அகலம் இருக்கும். சோளத்தோகைபோல வளைந்து தொங்கும். அதில் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு பச்சைக் கோடு, மறுபடி ஒரு வெள்ளைக் கோடு. அடி முதல் நுனி வரை கோடுகள் நீளமாக ஓடும். யாரோ உட்கார்ந்து சுண்ணாம்பால் கோடு போட்டதுபோலத் தோன்றும்!

இது நாணல் இனம். "அருண்டோ டோனக்ஸ்" என்பது தாவர நூல்களில் இதற்குள்ள பெயர். நர்சரியில் "கோடுபோட்ட அருண்டோ" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். நாம் சுருக்கமாக "வரி நாணல்" என்று சொல்வோம்.

இது நேற்று முளைத்த புதுமை அல்ல. லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டம் என்று ஒரு பழைய தோட்டம் உண்டு. பிலிப் மில்லர் என்பவர் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்தார். 1768-ல் வெளிவந்த தமது தோட்ட அகராதியில் அவர் இந்த வரி நாணலுக்குத் தனிப்பெயர் கொடுத்து எழுதியிருக்கிறார்.

<b>வாத்தியத்துக்கு நாக்கு</b>

வரி நாணலுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவனுக்குக் கோடு கிடையாது. முழுப் பச்சை. 20 அடி உயரம் வளருவான். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளில் அவனைப் பழங்காலம் முதலே மக்கள் பயன்படுத்தி வருகிறார்கள். கூரை வேய்ந்தார்கள். தூண்டில் கம்பு வெட்டினார்கள். திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோல் வைத்தார்கள். துளை போட்டுக் குழல் ஊதினார்கள்.

கிளாரினெட், சாக்சபோன் வாத்தியங்களில் வாய் வைக்கிற இடத்தில் ஒரு மெல்லிய தட்டை இருக்கிறது அல்லவா? அது இந்த நாணலைச் சீவிச் செய்ததுதான். பிரான்சு நாட்டின் தெற்கே வார் என்ற பகுதியில் விளையும் நாணலுக்கு உலகம் எங்கும் மதிப்பு. (நம் நாதசுரத்துச் சீவாளியும் நாணல் தட்டையில்தான் பிறக்கிறது. ஊதுகிற காற்றை நாதமாக்க, மனிதன் எங்கே இருந்தாலும் புல்லைத்தான் தேடிப் போயிருக்கிறான்!)

<b>கோடு எப்படி வந்தது?</b>

இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். வெயிலை வைத்துச் செடிக்குச் சோறு சமைப்பதும் அதுதான். வரி நாணலின் வெள்ளைக் கோட்டில் பச்சையம் இல்லை. அதாவது, அங்கே அடுப்பே எரியவில்லை! பச்சைக் கோடு சமைப்பதை வெள்ளைக் கோடு வாங்கிச் சாப்பிடுகிறது.

ஒரு வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்து நான்கு பேர் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? வரி நாணலின் பிழைப்பும் அப்படித்தான். அதனால் அண்ணன் அளவுக்கு இது வளருவது இல்லை. தரையில் வைத்தால் ஆறடி, எட்டடி போகும். தொட்டியில் அதற்கும் குறைவு.

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. சில சமயம் வரி நாணலின் அடியில் இருந்து கோடே இல்லாத முழுப் பச்சைக் குருத்து ஒன்று கிளம்பும். "அட, செடி செழிப்பாக இருக்கிறதே!" என்று வீட்டில் உள்ளவர்கள் மகிழ்ந்துபோவார்கள். மகிழவே கூடாது. வந்திருப்பவன் அண்ணன்! அவனுக்கு இலை முழுக்க அடுப்பு. மளமளவென்று உயருவான். பக்கத்தில் உள்ள கோடுபோட்ட தண்டுகளுக்கு வெயில் விழாமல் மறைப்பான். நாளடைவில் தொட்டி முழுவதும் அவனே நிற்பான். கோடு போன இடம் தெரியாது.

அழகு போவது மட்டும் அல்ல. அண்ணன் வெளியே போனால் என்ன செய்வான் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது.

<b>ஆற்றை விழுங்கிய புல்</b>

அமெரிக்காவின் மேற்கே கலிபோர்னியா மாநிலம். அங்கே குடியேறியவர்கள் பச்சை நாணலைக் கொண்டுபோய் நட்டார்கள். வாய்க்கால் கரை சரியாமல் இருக்கட்டும், கூரைக்கும் ஆகட்டும் என்பது எண்ணம். 1820 வாக்கிலேயே லாஸ் ஏஞ்செல்ஸ் ஆற்றங்கரையில் அது ஏராளமாக இருந்தது.

இந்த நாணல் பூக்கும். ஆனால், அங்கே அதன் விதை முளைப்பது இல்லை. பிறகு எப்படிப் பரவியது? வெள்ளம் பரப்பியது! மண்ணுக்குள் இஞ்சிபோல் இதற்குக் கிழங்கு ஓடுகிறது. வெள்ளம் வந்தால் கரை உடையும். கிழங்கு துண்டு துண்டாக மிதந்து போகும். ஒதுங்கின இடத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு புதர். கணு உள்ள தண்டுத் துண்டு போதும். அதுவும் வேர் விடும். நல்ல தண்ணீரும் வெயிலும் கிடைத்தால் ஒரே நாளில் 4 அங்குலம்கூட வளரும்.

தென் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா ஆறு இதனால் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கரையில் இருந்த வில்லோ மரங்களை நாணல் நெருக்கித் தள்ளியது. அந்த மரங்களில் கூடு கட்டிய குருவிகளுக்கு இடம் இல்லாமல் போனது. வெள்ளத்தில் அடித்து வந்த நாணல் குவியல் பாலத்தூண்களில் அடைத்தது. கோடையில் சருகில் தீப்பிடித்தால் ஆற்றங்கரையே எரியும். தீ அணைந்த பிறகு முதலில் தலை நீட்டுவதும் இதே நாணல்தான்! வெட்டி, மருந்து தெளித்து, கிழங்கைத் தோண்டி எடுக்கப் பல லட்சம் டாலர் செலவாகி இருக்கிறது.

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டி ஆற்றிலும் இதே கதை. அங்கே 2009-ல் ஒரு சிறிய குளவியைப் பறக்க விட்டார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்தில் இருந்து கொண்டுவந்த குளவி. மனிதரைக் கொட்டாது. நாணல் குருத்துக்குள் முட்டை இட்டு, அதன் வளர்ச்சியைக் குறைக்கும். எறும்பு அளவுப் பூச்சியை விட்டு யானை அளவுப் புல்லை அடக்கப் பார்க்கிறார்கள்!

<b>எப்படி வளர்ப்பது?</b>

இவ்வளவும் கேட்ட பிறகு இதை வளர்க்கலாமா? வளர்க்கலாம். தொட்டியில் மட்டும்! வாய்க்கால், ஓடை, குளக்கரை பக்கத்தில் இருக்கும் வீட்டார் இதைத் தரையில் நடவே வேண்டாம்.

ஒன்றரை அடி அகலமுள்ள சிமெண்டுத் தொட்டி நல்லது. அடியில் ஓட்டை இருக்கவேண்டும். தொட்டியை மண்மேல் நேராக வைக்காதீர்கள். நான்கு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால், ஓட்டை வழியாக வேர் இறங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றும் கலந்து நிரப்புங்கள். பாதி நாளாவது வெயில் படவேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நோஞ்சானாகிச் சாயும். தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். நாணலுக்குத் தண்ணீர் கசக்காது. பூச்சித் தொல்லையும் அதிகம் இல்லை.

புதுச் செடி வேண்டுமானால் விதையைத் தேடவேண்டாம். கோடு விதையில் வராது. இரண்டு மூன்று முளை உள்ள கிழங்குத் துண்டாகப் பிரித்து நடவேண்டும். கணு உள்ள தண்டை வெட்டி, வாளித் தண்ணீரில் போட்டு வைத்தாலும் வேர் விடும். எடுக்கும்போது கோடு பளிச்சென்று இருக்கிற தண்டாகப் பார்த்து எடுங்கள்.

தண்டு முற்ற முற்றக் கோடு மங்கும். கடும் வெயிலில் வெள்ளை மஞ்சளிக்கும். கவலைப்பட வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை எல்லாத் தண்டையும் அடியோடு வெட்டிவிடுங்கள். புதிதாக வரும் குருத்தில் கோடு மறுபடி வெள்ளை வெளேரென்று இருக்கும். இலை ஓரம் சொரசொரப்பானது. கையை உருவிவிடும். சிறு பிள்ளைகளை வெட்ட விடாதீர்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தொட்டியின் அடியை விலக்கிப் பாருங்கள். முழுப் பச்சைக் குருத்து தெரிகிறதா? தலையை மட்டும் கிள்ளினால் மறுபடி வருவான். மண்ணை நோண்டி, அவன் கிளம்பிய கிழங்குத் துண்டோடு சேர்த்து அறுத்து எடுங்கள். முழு வெள்ளைக் குருத்து வந்தால் விட்டுவிடலாம். அதற்குச் சொந்த அடுப்பு இல்லை. தானே வாடிவிடும்.

வெட்டியதைச் சாக்கடையிலோ, வாய்க்காலிலோ, குப்பைமேட்டிலோ போடாதீர்கள். மொட்டைமாடியில் பரப்பிச் சுக்காகக் காயவிடுங்கள். ஒடித்தால் "படக்" என்று சத்தம் வரவேண்டும். காய்ந்த தண்டை அடுப்பு எரிக்கலாம். அவரைக்கொடிக்குக் கொம்பாகவும் ஊன்றலாம். காயாமல் பச்சையாக ஊன்றினால் மட்டும், அவரை காய்ப்பதற்குள் கொம்பு முளைத்து நிற்கும்!