செல்லாக் காசு சொல்லும் சேதி



நான் பிறந்தது தூத்துக்குடி; வாக்கப்பட்டது போடிமெட்டு. கடற்கரையில் வளர்ந்தவளுக்கு மலை உச்சியில் இறால் கிடைத்தால் அது திருவிழா மாதிரி. அண்ணன் வரும்போதெல்லாம் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு கிலோ கொண்டு வருவார். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த இறாலை ஒரே நாளில் தீர்க்க மனசு வருமா? பாதியைச் சமைத்துவிட்டு, மீதியை பிரீசரில் வைத்துவிடுவேன்.

போன ஆடி மாதம் கொழுந்தனார் மகள் சடங்குக்காகக் குடும்பத்தோடு போடிக்கு இறங்கி மூன்று நாள் தங்கினோம். திரும்பி வந்தபோது பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இறாலும் கல்லு மாதிரி உறைந்திருந்தது. உதிரி உதிரியாக வைத்தது ஒரே கட்டியாக ஒட்டியிருந்ததை மட்டும் நான் பெரிசாக நினைக்கவில்லை. குழம்பு வைத்தேன்.

அன்று ராத்திரியே என் மகனுக்கும் அத்தைக்கும் வாந்தி, பேதி. மழையிலும் இருட்டிலும் ஜீப்பில் மலையிறங்கினோம். மகன் என் மடியில் துவண்டு கிடந்தான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இருவருக்கும் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள்தான் கண் திறந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பிறகு சொன்னார்: "நீ கிளம்புன அன்னிக்கே மரம் விழுந்து கரன்ட் போச்சும்மா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு." இறால் உருகிக் கெட்டு, கரன்ட் வந்ததும் மறுபடி உறைந்து, நல்லது போல என்னை ஏமாற்றியிருக்கிறது!

"கொதிக்க வச்சுத்தானே சாப்பிட்டோம்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் அது முன்பே உண்டாக்கிய சில நச்சுகள் கொதியிலும் அழியாதாம். பிரீசரும் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. உருகியதும் அது விழித்துக்கொள்ளும்.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவை இவை. இறால் வந்ததும் தலையைக் கிள்ளி, குடலை உருவி, கழுவி, ஒருவேளைச் சமையலுக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிடுவேன். இறால் முங்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் காய்ந்து போகாது. பிரீசரில் இல்லாமல் கீழே வைத்தால் இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதுவும் கதவுத் தட்டில் கூடாது, உள்பக்கமாக, மூடிய பாத்திரத்தில். பிரிட்ஜின் குளிர் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. "ஏத்தா, நம்ம ஊரு குளிருக்கு இதை வெளியவே வைக்கலாம்ல?" என்பார் அத்தை. நமக்கு நடுங்கும் குளிர் கிருமிக்குச் சுகமான காற்றுதான். எந்த ஊரானாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கூடாது. உறைந்ததை இளக்குவதையும் மேடையில் வைத்துச் செய்யாமல், முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன்.

கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்த்தட்டுக் குளிர் சுமார் 4 மணி நேரம் தாங்கும். தனி பிரீசர் நிறைந்திருந்தால் 48 மணி, பாதி இருந்தால் 24 மணி. எங்களுடையது போன்ற ஒற்றைக் கதவு பிரிட்ஜை அவ்வளவு நம்ப முடியாது.

சரி, ஊரில் இல்லாதபோது கரன்ட் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு டம்ளர் தண்ணீரை பிரீசரில் நன்றாக உறைய வைத்து, அதன் மேல் ஒரு காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. உள்ளே இறங்கியிருந்தால் ஐஸ் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். விலையைப் பார்க்காமல், மோந்தும் பார்க்காமல், இறாலைக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

நான் வைத்திருப்பது பழைய நாலணா. 2011-லேயே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கடையில் செல்லாத அந்தக் காசுதான் என் வீட்டில் இப்போது காவல் காக்கிறது!

- ஒரு வாசகி, போடிமெட்டு.