பழைய பிரம்புத் தூண்டிலை வெட்டலாமா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கிலீஷில் 'கேன் ராட்' என்பதை நம் ஆட்கள் 'பிரம்புத் தூண்டில்' என்று சொல்கிறார்கள். அது பிரம்பே இல்லை, மூங்கில். பிரம்பு உள்ளே கெட்டியான கொடி. நாற்காலி பின்ன உதவும், வாத்தியார் கைக்கும் உதவியது. தூண்டில் கழிக்கு வேண்டியது வளைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பும் பொருள். அதற்கு மூங்கில்தான்.

போடிநாயக்கனூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியுலகத்துக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் மேலே இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்கள் ஓடைகளில் விட்டு வளர்த்த ட்ராவுட் மீனும் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார்கள். அந்த மீனைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஹை ரேஞ்ச் ஆங்ளிங் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருந்தது. எஸ்டேட் பங்களாக்கள் கை மாறும்போது, துணிப்பையில் சுற்றிய பழைய கழிகள் பரணிலிருந்து இறங்குகின்றன. பிறகு அவற்றுக்கு இரண்டே கதி: விறகு, இல்லையென்றால் ரிசார்ட் சுவர். மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்பதுதான் இந்தக் குறிப்பு.

கையில் இருப்பது என்ன?

கழியின் குறுக்குவெட்டு அறுகோணமாக இருந்தால் அது பிளாச்சு ஒட்டிய கழி. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு பிளாச்சுகளை, மேல்தோல் வெளியே இருக்கும்படி ஒட்டியிருப்பார்கள். உருண்டையாக, கணுவோடு இருந்தால் முழு மூங்கில். உருண்டையாக, கணு இல்லாமல், கனமாக இருந்தால் அது மூங்கிலே அல்ல. பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரம். வயசானால் முன்னறிவிப்பு இல்லாமல் பட்டென்று ஒடியும். அதைச் சுவரிலேயே விட்டுவிடலாம்.

நல்ல பிளாச்சுக் கழிகளுக்கான மூங்கில் சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளைவது. வியாபாரத்தில் அதற்கு 'டோங்கின்' என்று பெயர். அதற்கு முன் 'கல்கத்தா கேன்' என்ற பெயரில் நம் நாட்டு மூங்கில்தான் கப்பலேறிப் போய், தூண்டில் கழியாக மாறியது. 1950இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட்டதும், அதே சமயத்தில் ஃபைபர்கிளாஸ் வந்ததும் சேர்ந்து மூங்கில் கழித் தொழிலைப் படுக்க வைத்தன.

மூங்கிலின் பலம் முழுக்க மேல்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து, சோறு மாதிரி மென்மையாகிவிடும். அதனால் பழைய வார்னிஷை எடுக்கிறேன் என்று உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் கழியின் உயிரையே தேய்க்கிறோம். வார்னிஷை மட்டும் கத்தி முதுகால் மெதுவாகச் சுரண்ட வேண்டும்.

வெட்டினால் என்ன ஆகும்?

ஒரு முனையைப் பிடித்து மறுமுனையில் எடை தொங்கவிட்டால் ஏற்படும் வளைவு, நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். ஒரே தடிமனான 10 அடிக் கழியை 8 அடி ஆக்கினால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது அதே எடைக்குப் பாதிதான் வளையும். இரண்டடி குறைத்ததற்குக் கழி இரண்டு மடங்கு விறைப்பாகிவிட்டது.

தடிமன் இன்னும் மோசம், அது நான்காம் அடுக்கு. நுனி 2 மில்லிமீட்டர், அடி 8 மில்லிமீட்டர் என்றால், அடிப்பகுதி நுனியை விட 4 × 4 × 4 × 4 = 256 மடங்கு விறைப்பு. ஆகவே எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எந்தப் பக்கம் வெட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. நுனியில் ஓர் அங்குலம் போனால் மென்மையான பகுதி போகிறது. அடியில் ஓர் அங்குலம் போனால் பலமான பகுதி போகிறது. இரண்டும் வேறு வேறு கழிகள்.

வெட்டாமலே மாற்றும் வழி

பழைய கழிகள் பெரும்பாலும் மூன்று துண்டு. உலக்கைக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு மூட்டிலும் உலோகப் பூண் இருக்கும். கீழ்த்துண்டின் மேல் நுனியில் குழல் பூண், மேல்துண்டின் அடியில் அதற்குள் நுழையும் பூண். என் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு இன்டர்ஃபேஸ். அந்தப் பூணுக்குப் பொருந்தும் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், மூங்கிலைத் தொடவே வேண்டாம்.

10 அடிக் கழியில் துண்டு ஒவ்வொன்றும் சுமார் 40 அங்குலம். நுனித்துண்டு தொலைந்து போயிற்றா? நடுத்துண்டின் குழல் பூணுக்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கட்டையைக் கடைந்து, அதன் தலையில் ஒரு நுனி வளையம் ஒட்டினால் போதும். அடியும் நடுவும் சேர்ந்து 80 அங்குல விறைப்பான கழி. அணைக்கட்டில் கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் ஏற்றது. அடித்துண்டு செல்லரித்துவிட்டதா? கார்க் கைப்பிடி ஒன்று செய்து, அதன் மேல் ஒரு குழல் பூண் வைத்து, நடுத்துண்டைச் செருகினால் நடுவும் நுனியும் சேர்ந்து மெல்லிய கழி. சின்ன ஓடைக்கும், தூண்டில் பழகும் பிள்ளைகளுக்கும் நல்லது. பூண் கடைய லேத் பட்டறையே போதும். அளவை மட்டும் துல்லியமாக எடுத்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை சொல்லிக் கொடுங்கள். பூண் நிற்பது பிடிமானத்தால்தான், திருகாணியால் அல்ல.

உதிரித் துண்டு மட்டும்தான் மிச்சம் என்றால், அடித்துண்டு மீன் அள்ளும் வலைக்கு அருமையான கைப்பிடி ஆகும். மலையேறும்போது புதரை விலக்கும் கம்பாகவும் ஆகும். முழு உடம்பு எடையையும் தாங்கும் ஊன்றுகோலாக வேண்டாம். வளைவதற்காக மெலிதாகச் செய்த பொருள் அது. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கி ஒடியும்.

சூடு காட்டும் முன்

பழைய கழி பெரும்பாலும் ஒரு பக்கமாகக் கோணிப் போயிருக்கும். மூங்கிலைத் தீயில் வாட்டி நிமிர்த்துவது நம் மலையில் கம்பு வெட்டுகிறவர்களுக்கும் கூடை முடைகிறவர்களுக்கும் தெரிந்த வித்தைதான். முழு மூங்கிலுக்கு அது சரி. ஒட்டுக் கழிக்கு யோசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கழிகளில் பெரும்பாலும் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசைதான். சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். மாஸ்கிட்டோ போர் விமானத்தின் மரப் பாகங்களை ஒட்டிய ஏரோலைட் போன்ற செயற்கைப் பசைகள் அதற்குப் பிறகுதான் தூண்டில் பட்டறைகளுக்கு வந்தன. கழியின் வயசு தெரியாவிட்டால் வஜ்ஜிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலமலை ஈரக்காற்றில் வருஷக்கணக்காகக் கிடந்த கழியில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க, காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் எங்கோ பிளாச்சு பிரிந்திருக்கிறது, அல்லது பூண் தளர்ந்திருக்கிறது. பூணைக் கழற்றும் முன் அதன் பக்கத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு புள்ளி தெரிகிறதா பாருங்கள். அது குறுக்கே அடித்த ஆணி. அதை எடுக்காமல் இழுத்தால் மூங்கில் பிளக்கும்.

அப்போ எப்பத்தான் வெட்டலாம்?

கழியில் தயாரித்தவர் பெயர் தெரிந்து, எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில் முழுசாக இருந்தால், வெட்டவே வேண்டாம். அதை அப்படியே வைத்து மீன் பிடிக்க விரும்புகிற ஆள் எங்கோ இருக்கிறார். நடுவில் ஒடிந்து, ஜோடித் துண்டும் கிடைக்காது என்றால், ஒடிந்த இடத்துக்குச் சற்று அப்பால், கணுவிலிருந்து விலகி, நேராக வெட்டலாம்.

எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: திரும்பப் பெறக்கூடிய வேலைகளை முதலில் செய்யுங்கள், வளையம் மாற்றுவது, பட்டு நூல் சுற்றுவது, பூண் அடாப்டர். ரம்பத்தைக் கடைசியில் எடுங்கள். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு துண்டின் நீளம், தடிமன், வளையங்கள் இருந்த இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைக் கழியின் பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்து அந்தப் பையைப் பிரிப்பவருக்கு, உங்கள் கைக்கு வரும்போது அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.