குட்டிக் கார் பின்னால் குடித்தன வீடு! கட்டி இழுத்தால் தாங்குமா?

ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுத்துக் கொண்டு போவது வாலாஜாபாத்துக்குப் புதிது அல்ல. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் ரோட்டை அடைத்துக் கொண்டு போகும். வண்டலூர் ரோட்டில் ஒரகடம் வரை போனால் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி வரும்.

இப்போது டீக்கடை பெஞ்சில் அடிபடும் பேச்சு வேறு.

"நம்ம கார் பின்னாடியே ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டுப் போனா என்னப்பா? லாட்ஜ் செலவு மிச்சம்தானே!"

கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த சக்கர வீடு. வெளிநாட்டுப் படங்களில் வருமே, அதுதான். நம் ஊர் சினிமா ஷூட்டிங்கில் நடிகர், நடிகைகள் உட்காரும் கேரவன் பெரும்பாலும் பஸ் அல்லது வேன் சேசிஸில் கட்டியது. சொந்த என்ஜினில் ஓடும். இந்தச் சக்கர வீட்டுக்கு என்ஜின் கிடையாது. முன்னால் போகும் கார்தான் இதற்கு மாடு!

ஆசைப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாட்கள் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது தங்க இடம் இல்லாமல் ஜனங்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்து இருக்காது. பட்டுச் சேலைகளை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டு போகும் வியாபாரிக்கும் இது கடையும் வீடுமாக ஆகும் அல்லவா?

காருக்கும் பஞ்சம் இல்லை. பக்கத்து ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ரெனோ-நிசான் தொழிற்சாலையில் இருந்துதான் 2012-ல் டஸ்டர் வந்தது. 2020 டிசம்பரில் மேக்னைட் வந்தது. மேக்னைட்டின் நீளம் 4 மீட்டருக்குள். எடை சுமார் 1 டன். என்ஜின் 999 சி.சி.

இந்த 1 டன் கார், பின்னால் 1 டன் வீட்டை இழுக்குமா?

இழுக்கும். சமதரையில், முதல் கியரில், நகர்த்திக் காட்டி விடும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இழுப்பது பெரிய விஷயம் இல்லை. நிறுத்துவதுதான் விஷயம்!

பிரேக் யாருக்கு?

காரின் பிரேக் அந்தக் காரையும், அதில் உட்கார்ந்து இருப்பவர்களையும் நிறுத்தச் செய்தது. பின்னால் இன்னொரு டன் வந்து முட்டினால் அது என்ன செய்யும்? வேகம் 40-ல் இருந்து 80 ஆனால் பிரேக்குக்கு வேலை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அதற்கு மேல் எடையும் இரட்டிப்பு.

அதனால்தான் இங்கிலாந்தில் 750 கிலோவுக்கு மேல் எடை உள்ள டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலிலேயே அதன் சக்கரங்களில் பிரேக் விழும்படி அமைத்து இருக்கிறார்கள். கொக்கி கழன்று விட்டால்? தனிக் கம்பி ஒன்று இழுபட்டு பிரேக்கைப் பிடித்து விடும்.

புதிதாக இழுப்பவர்களுக்கு அங்கே ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள். சாமான்கள் ஏற்றிய சக்கர வீட்டின் எடை, கார் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1 டன் காருக்கு 850 கிலோ. படுக்க மட்டும் இடம் உள்ள குட்டி டிரெய்லர் இதற்குள் அடங்கும். சமையலறையோடு கூடிய சாதாரண வீடு பெரும்பாலும் அடங்காது.

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரியும்!

இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டியது இல்லை. மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர் யாரையாவது கேட்டால் போதும்.

"முன்பாரம் ஏறினா மாடு கழுத்து ஒடியும். பின்பாரம் ஏறினா நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ரெண்டும் இல்லாம, துளி முன்பாரமா வச்சு ஏத்தணும்" என்பார்.

கார் டிரெய்லருக்கும் சட்டம் இதேதான்! அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்கிறார்கள். ஐரோப்பாவில் இது இன்னும் குறைவு. சின்னக் கார்களின் கொக்கி தாங்குவது அங்கே பெரும்பாலும் 75 கிலோதான்.

தண்ணீர்த் தொட்டியையும் துணி மூட்டையையும் பின்பக்கம் அடுக்கி விட்டால் வந்தது வினை. 70, 80 வேகத்தில், பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி உரசிக் கொண்டு போகும் காற்று ஒன்றே போதும். டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். இடம், வலம், மறுபடி இடம்... ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிது. கடைசியில் காரின் பின்பக்கத்தையே தூக்கி வீசி விடும். கார் எவ்வளவு லேசோ அவ்வளவு ஆபத்து.

அந்த நேரத்தில் பயந்து போய் பிரேக்கை அழுத்துவதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பதும் தப்பு. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக் கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

இது சமதரைக் கதை. ஏலகிரிக்குப் போனால் 14 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறும்போது கிளட்ச் புகையும், இறங்கும்போது பிரேக் புகையும்.

அங்கே சரி, இங்கே?

ஐரோப்பாவில் டஸ்டர் கார், பிரேக் உள்ள டிரெய்லரை மாடலுக்கு ஏற்ப 1,200 முதல் 1,500 கிலோ வரை இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்து இருக்கிறது. "அப்போ நம்ம ஊர் டஸ்டரும் இழுக்கும்தானே?" என்று கேட்டால், இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த எண் அந்த நாட்டு மாடலுக்கு, அந்த நாட்டுக் கொக்கிக்குத்தான். இங்கே வாங்கிய காரோடு கொடுத்த புத்தகத்தில் இழுவை எடை என்று ஒரு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லையா? அந்தக் காரில் இழுக்கக் கூடாது. பட்டறையில் வெல்டிங் வைத்து மாட்டிய கொக்கி, எண்ணைக் கொண்டு வந்து விடாது.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். டிரெய்லரின் நம்பர் அதன் பக்கவாட்டில், இழுக்கும் காரின் நம்பர் டிரெய்லரின் பின்னால் எழுதப்பட்டு இருக்க வேண்டும். இன்சூரன்சில் டிரெய்லரையும் சேர்க்கா விட்டால் நஷ்டஈடு கேட்கும்போதுதான் வில்லங்கம் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. "பாட்டி பின்னாடி கட்டில்லே படுத்துக்கிட்டு வரட்டுமே" என்ற யோசனையே வரக் கூடாது. ஓடும்போது சக்கர வீட்டுக்குள் ஆள் இருப்பது இங்கிலாந்தில் குற்றம். 2022 அக்டோபர் 1-ந் தேதி உத்தரபிரதேசத்தில் கான்பூர் அருகே கோவிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்ததில் 25-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

பாட்டியோடு போக வேண்டும் என்றால் ஒரு வேனை வாடகைக்குப் பிடிப்பதே மேல். புத்தகத்தில் எண் உள்ள கார் வைத்து இருப்பவர், பிரேக் உள்ள குட்டி டிரெய்லரை வாங்கினால், சாமான்களை எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, லாரிகள் ஏறும் எடை மேடையில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்து விட்டுக் கிளம்பட்டும். விற்றவர் சொன்ன எடை, காலி வண்டியின் எடைதான்!