ஜப்பானியரின் நடைக் கணக்கில் 1,400 காலடி பற்று

ஜப்பானில் வீடு தேடுபவர்கள் வாடகையோடு சேர்த்து நடை நிமிடங்களையும் பார்க்கிறார்கள். ‘ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்’ என்று விளம்பரம் சொன்னால் தூரம் 800 மீட்டர். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது வீட்டு விளம்பரங்களுக்கான விதி. அந்த அளவுகோலோடு, காலடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்து, அவர்களின் நடையையும் தெருத் தீனியையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நடை வரவு

வீட்டிலிருந்து நிலையம் 800 மீட்டர், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம் 400 மீட்டர் என்று கொள்வோம். போக வர 2.4 கிலோமீட்டர், 30 நிமிடம், சுமார் 3,430 காலடிகள். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஆண்களின் நாள் சராசரி 6,793, பெண்களுடையது 5,832. ரயிலைப் பிடிக்க நடப்பதே ஏறக்குறைய பாதி நடை.

பற்று

1997இல் ஆண்களின் சராசரி 8,202, பெண்களுடையது 7,282. 22 ஆண்டுகளில் குறைந்தது முறையே 1,409, 1,450 காலடிகள். அதாவது நாளுக்கு 1 கிலோமீட்டர், சுமார் 13 நிமிட நடை. 1965இல் விற்பனைக்கு வந்த காலடி மானியின் பெயரே ‘மன்போகேய்’, பத்தாயிரம் காலடி மானி. 2032க்கு அரசு வைத்திருக்கும் இலக்கோ 7,100தான்.

கடைத்தெரு

ஒசாகாவின் தென்ஜின்பாஷி-சுஜி கடைத்தெருவின் நீளம் 2.6 கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பினால் 65 நிமிடம், சுமார் 7,430 காலடிகள். அரசின் இலக்கைத் தாண்டி 330 மிச்சம். சும்மா நடக்கச் சொன்னால் சலிக்கும் கால்கள், தாகோயாகி வாசனைக்கு நடந்துவிடும். நம் குழிப்பணியாரக் கல் போன்ற இரும்புக் கல்லில், ஆக்டோபஸ் துண்டை நடுவில் வைத்துச் சுடும் மாவு உருண்டை அது. 1935இல் ஒசாகாவில் பிறந்தது.

தீனிச் செலவு

2019 அக்டோபர் 1 முதல் நுகர்வு வரி 10 விழுக்காடு. வாங்கிச் செல்லும் உணவுக்கு 8. வரிக்கு முன் 500 யென் விலையுள்ள ஒரு தட்டுத் தாகோயாகி, வாங்கிச் சென்றால் 540 யென். கடை போட்ட நாற்காலியில் அமர்ந்து தின்றால் 550. வேறுபாடு 10 யென்.

ஒழுங்கு

தின்றுகொண்டே நடப்பதற்கு அங்கே ‘தபேஅருகி’ என்று பெயர். கியோத்தோவின் நிஷிகி சந்தை 390 மீட்டர் நீளம். 5 நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். சந்து குறுகியது. சாஸ் வழியும் குச்சி அடுத்தவர் சட்டையில் படும் என்பதால், வாங்கிய கடை அருகிலேயே நின்று தின்னச் சொல்கிறார்கள். காமாகுரா நகரம் 2019 ஏப்ரலில், நெரிசலில் தின்றுகொண்டே நடப்பதைப் பிறருக்குத் தொல்லை என்று விதியில் எழுதியது, அபராதம் வைக்கவில்லை.

இருப்பு

குறைந்துபோனது 13 நிமிடம். அதை மீட்க, நடந்து போகும் தொலைவில் ஒரு கடைத்தெரு போதும். ஆகவே நகரங்கள் தெருத் தீனிக் கடைகளை விரட்ட வேண்டாம். நின்று தின்ன இடமும் குப்பைத் தொட்டியும் கொடுக்கட்டும். அங்கே போகும் நாமும் நின்று தின்போம், குச்சியைக் கடையிலேயே கொடுப்போம், பிறகு நடப்போம்.