சொந்த ஊரா, வாடகை ரூமா? கலைஞர்களுக்கு 'வீடு' என்றால் எது?

"உனக்கு எந்த ஊரு?" ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு யாரும் "மணிமங்கலம்"னு பதில் சொல்வதில்லை. வருஷக்கணக்கில் அங்கேயே வாடகைக்கு இருந்தாலும் தேனி, விழுப்புரம், ஒடிசான்னுதான் பதில் வரும்.

அப்போ வீடுங்கிறது தூங்கி எழுகிற இடமா, விட்டுட்டு வந்த இடமா? இந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் எழுத்தாளர்கள், நகைச்சுவை நடிகர்கள், இசைக்கலைஞர்கள். அவர்களுக்கு வீடு எது? பார்ப்போம்.

மணிமங்கலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் ஒன்று மணிமங்கலம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நல்லாவே தெரியும்.

அந்த நாவலின் நாயகி சிவகாமி ஒரு நடனக் கலைஞர். வாதாபிக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்படுகிறாள். மீட்க ஆள் வந்தும், சபதம் நிறைவேறாமல் காஞ்சிக்குத் திரும்ப மாட்டேன் என்கிறாள். வீடு திரும்ப முடியாத கலைஞரின் கதை இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை.

எழுத்தாளர்களுக்கு வீடு எது?

பேச்சுதான். இதற்குச் சரியான உதாரணம் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல்தான் அவருடைய ஊர். சாகித்ய அகாடமி விருது பெற்ற கு.அழகிரிசாமிக்கும் அதே ஊர்தான்.

கி.ரா. கடைசிக் காலத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தது புதுச்சேரியில். ஆனால் எழுத்தில் கரிசல் காட்டை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. கரிசல் மக்கள் பேசும் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார். ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பேச்சை விடவில்லை. 2021 மே 17-ல் புதுச்சேரியில் காலமானார். அரசு மரியாதையுடன் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது இடைசெவலில்.

அடுத்த சில வாரங்களில், 2021 ஜூன் 3-ல் தமிழக அரசு 'கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. ஞானபீடம், சாகித்ய அகாடமி போன்ற விருதுகள் பெற்ற தமிழ் எழுத்தாளர்களுக்கு அவர்கள் விரும்பும் இடத்தில் வீடு கொடுப்பதுதான் திட்டம். இப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டதே ஒரு விஷயத்தைச் சொல்கிறது: விருது வாங்கும் அளவுக்கு எழுதினாலும், எழுத்தை மட்டும் நம்பி ஒரு வீடு கட்டிவிட முடியாது.

காமெடியன்களுக்கு?

வடிவேலு பேச ஆரம்பித்தால் மதுரை வந்துவிடும். கவுண்டமணி பேசினால் கொங்கு மண்டலம் எட்டிப் பார்க்கும். சினிமாவுக்காக ஊரை விட்டு வந்தாலும் இவர்களின் மூலதனமே ஊர் வழக்குதான். அந்த ராகத்தை எடுத்துவிட்டால் பாதி சிரிப்பு போய்விடும். வேலைக்கான இன்டர்வியூவில் நாம் மறைக்கப் பார்க்கும் அதே பேச்சுதான் அவர்களுக்குச் சோறு போட்டது.

இன்னொரு பக்கம் நாகேஷ். தாராபுரத்துக்காரர். சென்னையில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம், சினிமா என அலைந்த காலத்தில், கவிஞர் வாலியும் அவரும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். வாய்ப்பு இல்லாத ரெண்டு பேருக்கு அந்த ரூம்தான் வீடு. அந்த நட்பைப் பற்றி வாலி பிறகு பலமுறை பேசியிருக்கிறார்.

இசைக்கலைஞர்களுக்கு?

இளையராஜாவின் ஊர் தேனி மாவட்டம் பண்ணைப்புரம். ஆனால் 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தினமும் போய் உட்கார்ந்தது சென்னை பிரசாத் ஸ்டூடியோவில். அந்த இடம் தொடர்பான பிரச்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 டிசம்பரில் அவருடைய பொருட்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் சொந்த ஸ்டூடியோ திறந்தார். எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், இன்னொருவர் இடம் இன்னொருவர் இடம்தான்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் வேர் இன்னும் ஆழமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பிய தன் பாட்டியின் கதையிலிருந்துதான் அறிவு அந்தப் பாட்டை எழுதினார். 1964-ல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்களின் வீடு எது என்பதை ரெண்டு அரசுகள் உட்கார்ந்து முடிவு செய்தன. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, நமக்கு இதில் என்ன?

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. அதற்கு முன், 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் பாதிக்கப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். பாதுகாப்பான கட்டில், நல்ல சாப்பாடு ரெண்டும் அடிப்படை உரிமை. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கட்டில் மட்டும் வீடாகிவிடாது. ஊர்ப் பேச்சில் தயங்காமல் பேச ஒருத்தர், "காலி பண்ணு"ன்னு யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற நிம்மதி, போக நினைத்தால் போய்வர லீவு. கி.ரா., நாகேஷ், இளையராஜா, அறிவு கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் வீடு என்பது இதெல்லாம்தான். பாட்டும் கதையும் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாததை எழுதியாவது ஈடுகட்டினார்கள். ஷிப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்புகிறவருக்கு அந்த வழியும் கிடையாது. அதனால் அடுத்த முறை ஒருவரிடம் "எந்த ஊரு?"ன்னு கேட்டால், பதிலைக் கேட்டதும் நகர்ந்துவிடாதீர்கள். ரெண்டு நிமிஷம் அந்த ஊரைப் பற்றிப் பேச விடுங்கள்.