தரப்புள்ளிச் சராசரி: முதல் அரையாண்டிலேயே தொடங்க வேண்டிய கணக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் எமது வீடுகளில் இஸட் புள்ளியே பேச்சாக இருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கென 2001ஆம் ஆண்டு அம்முறை அறிமுகப்படுத்தப்பட்டபோது பலருக்கும் அது புரியாத கணக்காகவே தோன்றியது. இன்றோ பாடசாலைப் படிப்பை இடைநடுவில் விட்ட பெற்றோர்கூடத் தமது பிள்ளையின் இஸட் புள்ளியை நான்கு தசமதானங்களுக்குப் பிழையின்றிச் சொல்கின்றனர். மாவட்ட வெட்டுப்புள்ளி எவ்வளவு, பிள்ளையின் புள்ளி எவ்வளவு, எத்தனையில் தப்பியது, எத்தனையில் தவறியது என்பதெல்லாம் ஊரறிந்த விடயங்களாகிவிட்டன.

ஆனால் அனுமதி கிடைத்து, பிள்ளை பெட்டியுடன் பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ வந்தாறுமூலைக்கோ புறப்பட்ட பின்னர், அவரது அடுத்த கட்ட வாழ்வைத் தீர்மானிக்கப்போகும் இன்னோர் எண்ணைப் பற்றி வீட்டில் எவரும் கேட்பதில்லை. மாணவர்களிற் கணிசமானோரும் அதனைப் பற்றி அக்கறை கொள்வதில்லை. தரப்புள்ளிச் சராசரி என்பதே அந்த எண். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் மாணவர்கள் ஜீ.பி.ஏ. என்பர். இஸட் புள்ளியை மாணவர் தாமாகக் கணித்துவிட முடியாது. நாடு முழுவதிலும் அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியும் நியம விலகலும் அதற்குத் தேவை. தரப்புள்ளிச் சராசரியோ அவ்வாறன்று. பெருக்கல், கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் தமது கையாலேயே கணித்துவிடலாம். கணிக்க முடிந்ததைக் கணிக்காமல் விட்டு, இறுதி ஆண்டிலே, வகுப்புச் சித்தி சில நூறிலொரு பங்குகளாற் கைநழுவிவிட்டதை அறிந்து திகைத்து நிற்கும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

முன்னைய காலத்தில் எமது பல்கலைக்கழகங்களில் ஆண்டிறுதிப் பரீட்சைகளே நடைபெற்றன. ஓராண்டு முழுவதும் படித்ததைச் சில தினங்களில் எழுதி முடிப்பர். பின்னர் கல்வியாண்டு இரண்டு அரையாண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாட அலகுக்கும் கிரெடிட் எனப்படும் நிறை ஒன்று வழங்கப்பட்டது. பொதுவாக 15 மணித்தியால விரிவுரை ஒரு கிரெடிட் ஆகும். செய்முறை வகுப்பாயின் அதற்கு இருமடங்கு அல்லது அதற்கு மேற்பட்ட நேரம் வேண்டும். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றலை எதிர்பார்க்கின்றது. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் விரிவுரை 45 மணித்தியாலமே எனின், மீதி 105 மணித்தியாலமும் நூலகத்திலும் விடுதி அறையிலும் மாணவர் தாமே செலவிட வேண்டியவை என்பது இதன் பொருள். புதிதாக வரும் மாணவர்களுக்கு இதனை யாரும் சொல்லிவைப்பதில்லை. ஓராண்டுக்கு 30 கிரெடிட், நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்பது இக்கட்டமைப்பின் அளவு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட்.

ஒவ்வொரு பாட அலகிலும் பெறப்படும் தரத்துக்கு ஒரு புள்ளி உண்டு. பரவலாக நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி ஏ+, ஏ ஆகிய இரண்டுக்கும் 4.0, ஏ- தரத்துக்கு 3.7, பீ+ 3.3, பீ 3.0, பீ- 2.7, சீ+ 2.3, சீ 2.0, சீ- 1.7, டீ+ 1.3, டீ 1.0, ஈ பூச்சியம். ஒரு பாடத்தின் தரப்புள்ளியை அப்பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். எல்லாப் பாடங்களுக்கும் இவ்வாறு பெருக்கி வந்த தொகைகளைக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே தரப்புள்ளிச் சராசரி.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். முதலாம் அரையாண்டில் ஒரு மாணவி ஐந்து பாட அலகுகளைப் பயின்றார் என வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்றில் முறையே பீ+, பீ, சீ+ பெற்றார். இரண்டு கிரெடிட் பாடமொன்றில் ஏ பெற்றார். நான்கு கிரெடிட் பாடத்தில் பீ- கிடைத்தது. பெருக்கிப் பார்த்தால் 9.9, 9.0, 6.9, 8.0, 10.8 என வரும். மொத்தம் 44.6. கிரெடிட்டுகளின் மொத்தம் 15. வகுத்தால் 2.97.

இவ்விடத்திலேதான் பலர் தவறு விடுகின்றனர். ஐந்து தரப்புள்ளிகளையும் வெறுமனே கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.06 வரும். இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கான எல்லை பல பீடங்களில் 3.00 ஆகும். வெறும் சராசரியைக் கணித்த மாணவி தாம் எல்லையைத் தாண்டிவிட்டதாக நிம்மதியடைவார். உண்மையில் அவர் எல்லைக்குக் கீழே நிற்கின்றார். சந்தையில் ஒரு கிலோ வெங்காயத்தை ஒரு விலைக்கும் நான்கு கிலோவை இன்னொரு விலைக்கும் வாங்கியவர், இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி விலை சொல்வதில்லை. சந்தையிற் பிழைக்காத கணக்கு பல்கலைக்கழகத்திற் பிழைத்துப்போகின்றது. கிரெடிட் கூடிய பாடத்திலே கூடுதல் நேரத்தைச் செலவிட வேண்டும் என்ற எளிய உண்மையும் அத்துடன் மறைந்துபோகின்றது. இம்மாணவிக்கு நான்கு கிரெடிட் பாடத்தில் பீ- இற்குப் பதிலாக பீ கிடைத்திருந்தால் சராசரி 3.05 ஆக இருந்திருக்கும்.

அடுத்த அரையாண்டு முடிந்ததும் இரண்டு அரையாண்டுச் சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது இன்னொரு தவறு. இரண்டிலும் கிரெடிட் சமமாக இருந்தாலன்றி அது பொருந்தாது. மொத்தப் புள்ளித் தொகையையும் மொத்தக் கிரெடிட்டையும் தொடர்ந்து கூட்டிக்கொண்டே செல்வதுதான் சரியான முறை.

இனி, இக்கணக்கை ஏன் முதல் அரையாண்டிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு வருவோம். பல பீடங்களில் முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 என்பன எல்லைகளாக உள்ளன. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவை நாடும் நான்காண்டு மாணவர் ஒருவர் 120 கிரெடிட்டுக்கும் சேர்த்து 396 புள்ளிகளைத் திரட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் அவரது சராசரி 2.90 எனின், 60 கிரெடிட்டில் அவர் திரட்டியிருப்பது 174. மீதி 222 புள்ளிகளை எஞ்சிய 60 கிரெடிட்டில் பெற வேண்டும். அதாவது இரண்டாண்டுகள் முழுவதும் 3.70 என்ற சராசரியிலே நிற்க வேண்டும். கடினம், ஆயினும் இயலாததன்று.

மூன்றாம் ஆண்டு முடிவில்தான் ஒருவர் கணக்குப் பார்க்கிறார், அப்போது சராசரி 3.10 ஆக இருக்கிறது எனக் கொள்வோம். 90 கிரெடிட்டில் 279 புள்ளிகள் சேர்ந்துள்ளன. எஞ்சிய 30 கிரெடிட்டில் 117 வேண்டும், சராசரி 3.90. ஏறத்தாழ எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றாக வேண்டும். இறுதி அரையாண்டின் வாசலில், 105 கிரெடிட் முடிந்த நிலையில், 3.20 உடன் நிற்பவருக்கோ எஞ்சிய 15 கிரெடிட்டிலும் 4.00 தேவை. ஒரேயொரு ஏ- கிடைத்தாலும் போயிற்று. முதலாமவரைவிடப் பின்னைய இருவரினதும் சராசரி உயர்ந்தது என்பதை வாசகர்கள் அவதானிக்க வேண்டும். உயர்ந்த சராசரியோடு நிற்பவருக்கு வழி அடைபட்டும், தாழ்ந்த சராசரியோடு நிற்பவருக்கு வழி திறந்தும் இருப்பதற்குக் காரணம் எஞ்சியுள்ள கிரெடிட்டுகளே.

இங்கேதான் எமது சமூகங்களின் பிரச்சினையும் வருகின்றது. தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்ற மாணவர், விஞ்ஞானம், முகாமைத்துவம், தொழில்நுட்பம் போன்ற பீடங்களில் நுழைந்ததும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு ஆங்கிலத்திலேயே விடை எழுத நேர்கின்றது. விடயம் தெரிந்திருந்தும் மொழியால் இழக்கப்படும் புள்ளிகள் முதலாம் ஆண்டிலேயே அதிகம். மூதூரிலோ மடுவிலோ மஸ்கெலியாவிலோ இருந்து, குடும்பத்தின் முதற் பட்டதாரியாகும் கனவுடன் வரும் பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டிலும் ஆளில்லை. போதாக்குறைக்குப் பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கிய பின்னரும் ஓயாத அக்கொடுமை, முதலாம் ஆண்டு மாணவரின் இரவுகளையும் மறுநாட் காலை விரிவுரைகளையும் பறிக்கின்றது. விரிவுரை வரவு பொதுவாக 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்குத் தோற்றும் தகுதியே போய்விடும். முதலாம் ஆண்டில் எல்லோருக்கும் புள்ளி குறைவுதான், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என மூத்த மாணவர்கள் கூறும் ஆறுதல் வார்த்தையை நாம் ஆபத்தானதாகவே கருதுகின்றோம். பிடித்துக்கொள்வதற்கு என்ன விலை என்பதை மேலே கண்டோம்.

தவறிய பாடத்தை மீண்டும் எழுதலாமே என்பர். எழுதலாம். ஆனால் மீள்பரீட்சையில் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் அதியுயர் தரம் சீ மட்டுமே என்பது பெரும்பாலான பீடங்களின் விதி. முதற் தடவையிலேயே மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ பெற்றிருந்தால் 12 புள்ளிகள். மீள்பரீட்சையில் வருவது 6. இவ்விழப்பு 120 கிரெடிட் சராசரியில் 0.05. சிறிய எண்ணாகத் தோன்றலாம். 3.30 இற்கும் 3.25 இற்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே. நோயின் காரணமாகப் பரீட்சைக்குத் தோற்ற முடியாதவர் உரிய காலத்துக்குள் மருத்துவச் சான்றிதழைச் சமர்ப்பித்து அது ஏற்றுக்கொள்ளப்பட்டால், அடுத்த தடவை எழுதுவது முதற் தடவையாகவே கொள்ளப்படும். சீ என்ற உச்சவரம்பு அவருக்கில்லை. காய்ச்சலுடன் சென்று அரைகுறையாக எழுதி ஈ பெற்றவர்கள் இவ்விதியைப் பின்னர்தான் அறிகின்றனர். சான்றிதழ் கொடுக்கும் கால எல்லை மிகக் குறுகியது என்பதும் நினைவிருக்கட்டும்.

விதிகள் எல்லாப் பீடங்களிலும் ஒன்றல்ல என்பதையும் நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டுப் பெறுபேறு இறுதிச் சராசரியிற் சேருகின்றதா? ஆங்கிலம், கணினி போன்ற கட்டாயப் பாடங்கள் கணக்கில் வருமா, அல்லது சித்தியடைந்தாற் போதுமா? 3.695 என வந்தால் அது 3.70 ஆக முழுமையாக்கப்படுமா, வெட்டப்படுமா? வகுப்புச் சித்திக்குச் சராசரி மட்டும் போதுமா, குறித்த அளவு கிரெடிட்டில் ஏ தரமும் வேண்டுமா? உரிய ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்காவிடின் வகுப்பு உண்டா? சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக எந்தப் பாடத்தின் சராசரி பார்க்கப்படும்? இவற்றுக்கெல்லாம் விடை பீடத்தின் கைநூலில் உண்டு. விடுதியின் வாய்வழிச் செய்திகளை நம்பாது, கைநூலைத் திறந்து அந்தப் பக்கத்தை முதல் வாரத்திலேயே வாசிக்க வேண்டும். விளங்காவிடின் பீட அலுவலகத்தில் உதவிப் பதிவாளரிடமோ, கல்வி ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளரிடமோ கேட்பதிற் கூச்சம் வேண்டியதில்லை.

வகுப்புச் சித்தி எதற்கு, பட்டம் போதாதா என வினவும் பெற்றோரும் உளர். அரச பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கோரப்படுகின்றது. வெளிநாட்டுப் பட்டமேற்படிப்புக்கும் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பிக்கும்போது முதலில் பார்க்கப்படுவதும் இந்தச் சராசரியே. தமிழ்மொழி மூல விரிவுரையாளர்கள் போதாமையால் அல்லற்படும் எமது பிரதேசப் பீடங்களுக்கு நாளை ஆசிரியர்களாக வர வேண்டியவர்கள் இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள்தாம்.

கணக்கு வைப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பாடக் குறியீடு, கிரெடிட், தரம், பெருக்கி வந்த தொகை என நான்கு நிரல்கள். ஒவ்வோர் அரையாண்டின் அடியிலும் அதுவரையான மொத்தக் கிரெடிட், மொத்தப் புள்ளி, சராசரி, இலக்கை அடைய எஞ்சியவற்றில் தேவைப்படும் சராசரி. கணினி வசதியுள்ளோர் எக்செல் தாளில் இதனைச் செய்துகொண்டால், வராத தரத்துக்கு ஓர் உத்தேசத் தரத்தை இட்டுப் பார்க்கவும் முடியும். கைத்தொலைபேசிச் செயலிகள் பலவுண்டு. எனினும் அவற்றிற் சில வெளிநாட்டுத் தரப்புள்ளிகளைக் கொண்டவை. ஏ- தரத்துக்கு 3.7 தானா காட்டுகின்றது என ஒரு தடவை சரிபார்த்த பின்னரே நம்பலாம்.

ஆனால் மாணவர் கணக்கு வைப்பதற்குப் பெறுபேறு காலத்துக்கு வர வேண்டும். ஓர் அரையாண்டின் பெறுபேறு அடுத்த அரையாண்டுப் பரீட்சை நெருங்கும் வரை வெளிவராத நிலை எமது பல்கலைக்கழகங்களிற் புதிதன்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த கல்விசாரா ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பைப் போன்ற காலங்களில் தாமதத்துக்குக் காரணம் கூறலாம். சாதாரண காலங்களிலும் விடைத்தாள்கள் மாதக்கணக்கிற் கிடப்பதற்கு என்ன காரணம் கூறப்போகின்றனர்? எந்தப் பாடத்திற் பின்தங்கினோம் என்பதையே அறியாது மாணவர் அடுத்த அரையாண்டுக்குச் செல்கின்றனர். பீடாதிபதிகள் பெறுபேற்று வெளியீட்டுக்குத் திகதி குறித்து, அத்திகதியைக் காக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பெறுபேறு வந்ததும் அறிவித்தற் பலகையில் உள்ளதையும் கொப்பியில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். தொடர்மதிப்பீட்டுப் புள்ளி சேர்க்கப்படாது விடுபடுவதும், சமுகமளித்தவர் சமுகமளிக்காதவராகக் காட்டப்படுவதும் நிகழக்கூடியவை. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் காலம் பெறுபேறு வெளியான நாளிலிருந்தே ஓடத் தொடங்குகின்றது. ஆகையால் ஒப்படைகளையும் தொடர்மதிப்பீட்டு விடைத்தாள்களையும் பரீட்சை அனுமதி அட்டையையும் அந்தக் கொப்பியுடனேயே, பட்டம் கைக்கு வரும் வரை, ஒரு கோவையில் வைத்திருக்க வேண்டும்.