கஞ்சிப்பாசி

பெருநாள்களில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்துத் துண்டு போடும் கடற்பாசியை அறியாத தாய்மார் நம் சாந்தோமில் அரியர். மயிலைக் கடைத்தெருவில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டு வாங்குகிறோம். பெயரில் சீனமும் புல்லும் இருப்பினும் அது புல்லன்று. சிவப்புக் கடற்பாசிகளை வேகவைத்து எடுக்கும் ‘அகார்’ என்னும் பசையே அது. அப்பாசிகள் நம் தமிழ்க் கடலிலும் விளைகின்றன.

மன்னார் வளைகுடாவில் வளரும் ஒன்றைக் கரையோர மக்கள் கஞ்சி காய்ச்சிக் குடித்தனர். ஆகவே அது கஞ்சிப்பாசி ஆயிற்று. அறிவியலார் அதனைக் ‘கிராசிலேரியா எடுலிஸ்’ என்பர். திருச்சபையின் பழைய மொழியாகிய இலத்தீனில் ‘எடுலிஸ்’ என்றால் உண்ணத்தக்கது என்று பொருள். ஏழையின் கலயமும் அறிஞரின் ஏடும் இங்கு ஒத்துப்போகின்றன!

இப்பசை மருத்துவத்திற்குள் நுழைந்ததும் அடுப்பங்கரை வழியாகத்தான். 1881-இல் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸெ என்ற மருத்துவர் கிருமிகளை வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின், வெப்பத்தில் இளகிப் பாழாயிற்று. அவர் துணைவியார் ஃபானி, தாம் பழக்கூழ் உறைய வைக்கப் பயன்படுத்திய அகாரை எடுத்துச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்திருந்த அயல்வீட்டாரிடம் அவர் கற்றது அது. ஏறக்குறைய 85 பாகை வெப்பத்தில்தான் அகார் உருகும். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றி ராபர்ட் கோக் எழுதிய ஆய்வுரையில் அகார் இடம்பெற்றது. அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் மருத்துவமனைச் சோதனைக்கூடங்களில் கிருமிகள் அகாரின்மேல்தான் வளர்க்கப்படுகின்றன.

பாம்பன் பகுதியில் பாசி எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து கையால் பறிக்கின்றனர். 1986-இல் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைகளைக் காப்பது தேவையே. ஆனால் தலைமுறையாகச் செய்த தொழில் ஒரே ஆணையில் குற்றமாகிவிட்டால், அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அப்பெண்கள் வெறுமனே முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே எடுப்பது எனத் தாமே வரம்பு வகுத்தனர். அவர்களுள் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் அனைத்துலக ‘சீகாலஜி’ பரிசு கிடைத்தது.

இந்த நூற்றாண்டில் மூங்கில் மிதவைகளில் ‘கப்பாபைகஸ்’ என்னும் அயல்நாட்டுப் பாசியை வளர்க்கும் தொழிலும் அங்கே வந்தது. பல குடும்பங்களுக்கு அதனால் வருவாய் உண்டு. எனினும் குருசடைத் தீவருகே அது பவளத்தின்மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். மேலும் அது தருவது காராஜீனன் என்னும் வேறொரு பசை, அகார் அன்று. அகாருக்கு உதவும் மரிக்கொழுந்துப் பாசியை இன்றும் அப்பெண்கள் மூழ்கித்தான் எடுக்கின்றனர்.